முழுப் பாட்டு

குறிக்கோள் இல்லாத மனிதன் சுக்கான் இல்லாத கப்பல். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மனிதவள மேலாளர் இதை ஒலிபெருக்கியில் முழங்கிவிட்டு, அந்தக் கப்பல் அடுத்து எங்கே போகிறது என்பது மறந்துபோய், கையிலிருந்த காகிதத்தைப் பின்பக்கம் புரட்டிப் பார்த்தார்.

ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக் குறிக்கோளை எழுதித் தர வேண்டும், எதுவானாலும் நிர்வாகம் தோள்கொடுக்கும், ஆண்டுவிழாப் பேனரிலும் அச்சாகும் என்றார். தொழிலாளர்கள் விவரமானவர்கள். 'உற்பத்தியைப் பெருக்குவேன்' என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். பசை ஒட்டும் பிரிவு அக்கா மட்டும், 'மேடையில் தனியாக ஒரு பாட்டு, முதலிலிருந்து கடைசிவரை' என்று எழுதினாள்.

அக்காவின் குரலில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. வேலைக்கு நடுவே லேசாக முணுமுணுத்தாலே பக்கத்தில் இருப்பவர் இயந்திரத்துக்கு எண்ணெய் தேடுவார். பள்ளிக்கூடத்தில் கூட்டாகப் பாட நிறுத்தியபோது டீச்சர், "நீ வாயை மட்டும் அசை" என்றார். அன்றிலிருந்து அசைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். பெற்ற பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடியதுகூடக் கணவர்தான்.

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். குறிக்கோள் என்றால் உன்னதமாக இருக்க வேண்டாமா என்றார். 'மேற்பார்வையாளர் ஆவேன்' என்று மாற்றிவிடலாமே என்று தானே பேனாவைத் திறந்தார். முதலாளி வருகிறார், அவருக்கு இதயம் வேறு பலவீனம் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"மேற்பார்வையாளர் ஆகணும்ங்கறது நீங்க எனக்கு வச்ச குறிக்கோள் சார். என்னோடதை நான் எழுதிட்டேன்."

"உங்களுக்குப் பாட வராதேம்மா."

"வராதுன்னு எனக்கே தெரியும் சார். பாட வரணும்னா எழுதியிருக்கேன்? பாடணும்னுதானே எழுதியிருக்கேன்."

வீட்டிலும் அதே பாட்டுதான். சொந்தபந்தத்தின் முகத்தில் எப்படி முழிப்பது, மானம் கப்பலேறிவிடுமே என்று கணவர் சோற்றைப் பிசைந்தபடியே புலம்பினார்.

"இத்தனை வருஷம் நான் வாயை மூடிட்டு இருந்தேன். ஒரு பாட்டு முடியறவரைக்கும் நீங்க காதை மூடிட்டு இருங்க" என்றாள்.

விழா மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தாள். முதல் வரியிலேயே குரல் ஒரு பக்கம் போக, தாளம் மறுபக்கம் போனது. கீபோர்டு வாசித்தவர் கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கி, கையை எடுத்துவிட்டார். மேலாளர் மேடை ஓரத்தில் நின்று 'போதும், போதும்' என்று கைகாட்டினார். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இரண்டாம் சரணம் மறந்துபோனது. அதற்காக இறங்கிவிட முடியுமா? முதல் சரணத்தையே இன்னொரு தரம் பாடி, பல்லவிக்குத் திரும்பி, கடைசிச் சொல்லை இழுத்து முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

பிறகு மைக்கை விடாமல் மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வருஷத்துக்கு ரெண்டு பாட்டு சார். எழுதிக்கோங்க."

கைதட்டல் ஒரே ஓர் இடத்திலிருந்து கேட்டது. அங்கே ஒருவர் கொசு அடித்துக்கொண்டிருந்தார்.