நல்ல காற்று

அந்த அலுவலகக் கட்டடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பினாயில் அக்கா என்றால்தான் தெரியும். ஒன்பது மாடிக்கும் துப்புரவு சூப்பர்வைசர். கழிவறைக் குழாயில் ஒரு சொட்டுக் கறை தெரிந்தாலும் அன்றைக்கு யாருக்கோ அர்ச்சனை நிச்சயம். அப்பேர்ப்பட்டவள், பெற்ற மகளுக்கு மூக்கைச் சிந்திவிட்டால் கைக்குட்டையில் கரிதான் வந்தது.

வீடு பஸ் டிப்போவுக்கு எதிரே, நாலாவது மாடி. காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரலால் எழுதலாம். ஏழு வயதுக் குட்டி விளையாடுவது கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில், சைலன்சர்களுக்கு நடுவே. படுத்தால் இழுப்பு. "இந்தப் புகையில இருக்கற வரைக்கும் எந்த மருந்தும் கேக்காதும்மா" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். லாரி ஓட்டும் புருஷன் மாதத்தில் இரண்டு நாள் வீட்டிலிருப்பவன். உன் இஷ்டம் என்று கழன்றுகொண்டான். தூ, பிள்ளை வளர்க்க இதெல்லாம் ஒரு ஊரா என்று அவளுக்கு வெறுத்துப்போனது.

அண்ணன் கிராமத்தில் இருந்தான். ஃபோன் பேசும்போதெல்லாம் ஒரே பல்லவி. "குட்டிய இங்க கொண்டாந்து விடு. என் பொண்ணோட பள்ளிக்கூடம் போகட்டும். காத்து நல்லா வரும்." அவள் அந்தப் பக்கம் போய் மூன்று வருஷமாகிறது. ஃபோனில் குரல் வரும், நாற்றம் வருமா? இவளும் ஆற அமர யோசிக்காமல் பள்ளியில் டி.சி. வாங்கி, குட்டியின் துணிமணிகளை மூட்டை கட்டி, நாலு நாள் லீவு போட்டுக் கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே நாற்றம் முகத்தில் அடித்தது. அண்ணன் வீட்டுக்குப் பின்னால், முன்பு காய்கறி விளைந்த நிலத்தில், மூன்று ஆள் உயரத்துக்கு நகரத்துக் குப்பை. நிலம் குப்பைக் கிடங்குக்குப் போனபிறகு அண்ணனுக்கு அங்கேதான் வேலை. வரும் குப்பை லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பான். வாய் பிளந்து கிடந்த கறுப்பு மூட்டைகளைப் பார்த்தாள். அதில் எத்தனை அவளே கட்டி அனுப்பியதோ, யார் கண்டது?

என்னண்ணா இது என்று கேட்டால், எது என்று அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். நடிப்பில்லை, நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. அண்ணிதான் சொன்னாள். "உனக்கும் நாலு நாள்ல பழகிடும்."

அந்த வீட்டில் காற்று பார்த்துத்தான் சாப்பாடு. குப்பை மேட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் ஈ மொய்த்துவிடும். தட்டையே எடுக்க மாட்டார்கள். காற்று மறுபக்கம் திரும்பியதும் அண்ணி அவசர அவசரமாகப் பரிமாறுவாள், எல்லோரும் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். முதல் நாள் குட்டி வாந்தியெடுத்தாள். இரண்டாம் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு வாய் சாப்பிட்டாள். இழுப்பு மட்டும் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால், குட்டியின் உதட்டோரம் ஈ உட்கார்ந்திருக்கிறது. அதை விரட்டக்கூடத் தோன்றாமல் அண்ணன் மகளோடு சிரித்துச் சிரித்துச் சோறு தின்கிறாள். பினாயில் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது. அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டினாள்.

அண்ணன் தடுக்கவில்லை. வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"கூட்டிட்டுப் போ, தப்பில்ல. ஆனா மாமா வீடு நாறுதுன்னு சொல்லிச் சொல்லி வளக்காத. இங்கயும் ஒரு பிள்ளை வளருது."

அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தவள், அப்பா சற்றுத் தள்ளி நிற்கும்போது தலையை நீட்டினாள்.

"அத்தை, என் மேலயும் நாத்தம் அடிக்குதா?"

பினாயில் அக்கா குனிந்து அந்தத் தலையை முகர்ந்தாள். இல்லடி தங்கம், ஒண்ணும் வரல என்றாள். சமாதானத்துக்குச் சொன்னதில்லை, நிஜமாகவே ஒன்றும் வரவில்லை. பிள்ளை நிம்மதியாகச் சிரித்துவிட்டு அப்பாவிடம் ஓடினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஹெட்மாஸ்டர் காலில் விழுந்தாவது குட்டியைப் பழைய பள்ளியிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து முன்னால் போய், வேறு சீட் காலியில்லாததால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா அவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க?" என்று குட்டி கேட்டாள்.

பினாயில் அக்கா மகளுடைய சட்டையை முகர்ந்தாள். தன் கையை முகர்ந்தாள். எதுவும் தெரியவில்லை. சீ, என்ன பிழைப்பு இது என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. அதற்குள் நகரம் வந்துவிட்டது; லாரிகளும் பஸ்களும் நெருக்கியடித்து நின்றன. குட்டிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. புகை வராமலிருக்க ஜன்னலை மூடினாள். முன்னால் நின்ற பெண் கைக்குட்டைக்கு மேலே கண்ணை உருட்டி முறைத்தாள். பினாயில் அக்கா ஜன்னலைத் திறந்தாள். குட்டி இருமினாள்.

மறுபடியும் மூடிவிட்டு, யாரையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.