பயிற்சி எண் ஐந்து

அன்று அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். நீள மேசையின் தலைமாட்டில் கல்லூரி முதல்வர். அவருக்கு வலப்பக்கம் கணினித் துறைத் தலைவர் ஸ்ரீலட்சுமி மேடம். இடப்பக்கம் தாளாளரின் மைத்துனரும் அலுவலக மேலாளருமான வெள்ளைத்துரை. மூவருக்கும் சக்கரம் வைத்த நாற்காலிகள். வாங்கி ஒன்றரை வருடமாகியும் அவற்றின் பாலிதீன் உறையை யாரும் பிரிக்கவில்லை. யார் அசைந்தாலும் சரசரத்தது. மேசைக்கு எதிரே இறுதியாண்டு மாணவி அன்னக்கொடி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி போட யாரும் சொல்லவில்லை. அவளுடைய அப்பா உக்கிரபாண்டி கதவோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரம், பதினாறாம் எண் கணினியின் விசைப்பலகையை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் நோட்டை விரித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். என் பெயர் சீதாராமன். அந்த ஆய்வகத்தின் உதவியாளர்.

விசாரணையை முதல்வர் அறையில் வைக்காமல் நெட்வொர்க் செக்யூரிட்டி லேபில் வைத்ததற்குக் காரணம் ஏசி. மாசி மாதமே வெயில் ஏறிவிட்டது. கல்லூரியில் ஒழுங்காகக் குளிர்ந்த ஒரே அறை அதுதான். 2006-ல் சமயநல்லூரைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் போனவர்கள் எங்கள் விளம்பரப் பலகையில் இந்த அறையின் படத்தைப் பார்த்திருப்பார்கள். கணினி வழித் திருட்டைத் தடுக்க மாணவர்களுக்கு நேரடிப் பயிற்சி என்று போட்டிருந்தது. படத்தில் திரையைப் பார்த்துச் சிரிக்கிற பெண் எங்கள் மாணவி இல்லை.

இருபது கணினிகள், ஒரு ஃபயர்வால் பெட்டி, பன்னிரண்டு பயிற்சிகள் அடங்கிய கையேடு. ஆய்வுக்குழு வந்து பார்த்து, முந்திரி பக்கோடா சாப்பிட்டுப் போன மறுநாள் எல்லாக் கணினிகளுக்கும் உறை மாட்டிப் பூட்டினோம். மாணவர்கள் மூத்தவர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் பயிற்சிகளை எழுதினார்கள். திரையில் வரவேண்டிய விடையைக்கூடப் பென்சிலால் கட்டம் போட்டு அதற்குள் எழுதினார்கள். முதல் வருடம் எவனோ ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டான்; அதற்குப் பிறகு எல்லா நோட்டிலும் அதே எண்தான். பயன்பாட்டுப் பதிவேடு ஒன்றும் உண்டு. எந்தத் தேதியில் எந்தக் குழு எந்தப் பயிற்சியைச் செய்தது என்று ஆண்டு முழுவதற்கும் நானே உட்கார்ந்து, சலிப்புத் தெரியாமல் இருக்கப் பேனாவை மாற்றி மாற்றி, ஆய்வுக்குழு வருவதற்கு முந்தைய வாரம் எழுதி முடித்திருந்தேன். அந்தப் பதிவேட்டின்படி அன்னக்கொடி ஆவணி மாதமே பன்னிரண்டையும் செய்து முடித்துவிட்டாள்.

அவள் என்னிடம் வந்தது தை மாதம். ரெக்கார்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் எழுதிவிட்டதாகவும், ஆனால் எதையும் செய்து பார்க்கவில்லை என்றும், செய்து பார்க்காமல் கம்பெனிக்கு வேலைக்குப் போக வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னாள். சென்னைக் கம்பெனி ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது; கடைசிப் பருவத் தேர்வு முடிந்ததும் சேரவேண்டும். நான் ஸ்ரீலட்சுமி மேடத்திடம் கேட்டேன். மேடம் தபாலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தூசி படிந்து கிடப்பதற்கு யாராவது உட்கார்ந்தால் நல்லதுதானே என்றார். பிறகு தலையைத் தூக்கி, பதிவேட்டில் மட்டும் ஏற்றவேண்டாம் என்றார். பதிவேடுதான் ஏற்கெனவே நிறைந்துவிட்டதே.

சனிக்கிழமைகளில் வந்தாள். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். மதுரைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஒன்பது மணிக்கு நான் பூட்டைத் திறக்கும்போது நடையில் நிற்பாள். அவள் கையேட்டைப் புரட்டிப் புரட்டித் தட்டுவாள். நான் என் மேசையில் வேறு வேலை பார்ப்பேன். முதல் நான்கு பயிற்சிகள் இரண்டு சனிக்கிழமைகளில் முடிந்தன. ஐந்தாவது பயிற்சி, நாம் இருக்கும் வலையில் எத்தனை கணினிகள் இணைந்திருக்கின்றன, அவற்றில் எது பாதுகாப்பில்லாமல் திறந்து கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது. மூன்றாவது சனிக்கிழமை பதினோரு மணி வாக்கில் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இருபதுதானே இருக்கணும்? இருபத்தொண்ணு காட்டுதுண்ணே."

இருபத்தொன்றாவது எங்கள் அறையில் இல்லை. ஆய்வுக்குழு வந்த நாளில் லேபில் இன்டர்நெட் ஓடவேண்டும் என்று வெள்ளைத்துரை ஆள் வைத்து, அலுவலகத்திலிருந்து ஜன்னல் வழியாக ஒரு கேபிளை இழுத்து மாட்டினார். அதைக் கழற்ற யாருக்கும் நினைவில்லை. அந்தக் கேபிளின் மறுமுனையில், அகமதிப்பெண்களும் வருகைப்பதிவும் இருக்கிற அலுவலகக் கணினி, பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் திறந்து கிடந்தது. மூவாயிரம் பேருடைய மதிப்பெண். எவன் நினைத்தாலும் உள்ளே போய் மாற்றலாம். அவள் விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

யாரிடமாவது சொல்லவேண்டும் என்றாள். நான்தான், வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், எழுதிக் கொடு என்றேன். நான் படித்த பரமக்குடிப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுவதற்குப் பத்து மதிப்பெண். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, எதுவும் இடம் மாறாமல் எழுதிப் பத்தையும் வாங்கியவன் நான். ஒழுங்காக எழுதப்பட்ட கடிதம் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் செய்யவேண்டியதைச் செய்யும் என்று முப்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். தேதி, நேரம், எந்தக் கணினி, என்ன கட்டளை, என்ன தெரிந்தது என்று பத்திக்கு எண் போட்டு எழுதச் சொன்னேன். வேறு ஏதாவது கண்ணில் பட்டதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பதினொரு மாணவர்களின் மதிப்பெண் கோப்புகளில் மட்டும் கடைசியாக மாற்றிய தேதி, மேடம் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த தேதிக்கு ஒரு மாதம் பிந்தி இருக்கிறது என்றாள். அதையும் எழுதச் சொன்னேன். அது ஏழாவது பத்தி.

திங்கட்கிழமை எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு தாள். இரண்டாவது பத்தியில், "ஆய்வக உதவியாளர் திரு. சீதாராமன் அவர்களின் அனுமதியுடன்" என்று இருந்தது. இரண்டு தாளின் ஓரத்திலும் சில திருத்தங்கள் எழுதிவிட்டு, சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தேன். கடிதம் கண்டுபிடிப்பைப் பற்றியது, யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பது அதற்கு வேண்டாத செய்தி என்று விளக்கமும் சொன்னேன். அப்போது அது கடிதத்தின் நன்மைக்காக என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்போது எவ்வளவு கிளறிப் பார்த்தாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவள் தலையாட்டிவிட்டுப் புதுத் தாளில் அழகாக நகலெடுத்து, பழையதைக் கிழித்துக் கூடையில் போட்டாள். முதல்வர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவந்தாள். நான் சொல்லித்தான் வாங்கினாள்.

பத்து நாள் கழித்து வந்த பதில், தகப்பனாருடன் விசாரணைக்கு வரவேண்டும் என்பது.

விசாரணையில் முதல்வர் அவளுடைய கடிதத்தை வாசித்தார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், இதை நீதான் செய்தாயா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது மூன்றாவது ஆமாமில் என்று நினைக்கிறேன். அதிலிருந்து குரல் இறங்கிவிட்டது. வெள்ளைத்துரை நாற்காலியை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வாக்குமூலத்தை நம்பர் போட்டுல்ல குடுத்திருக்கு. திருட்டுப் பயலுககூட போலீசுக்கு இம்புட்டு வேலை மிச்சம் பண்ண மாட்டானுக."

ஆறாவது பத்தி முடிந்ததும் முதல்வர் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். ஏழாவது பத்தியை யாரும் வாசிக்கவில்லை. அன்னக்கொடி, இன்னும் ஒன்று இருக்கிறது சார் என்றாள். போதும் என்றார் முதல்வர். "கடிதம் வாசிக்கப்பட்டது" என்று நான் எழுதிக்கொண்டேன்.

கதவோரமிருந்து உக்கிரபாண்டி எழுந்தார். தன் மகள் எதையாவது எடுத்தாளா, எதையாவது மாற்றினாளா என்று கேட்டார். அப்படி இல்லை, ஆனால் அனுமதியில்லாமல் நுழைந்து பார்த்திருக்கிறாள், சட்டப்படி அதுவே குற்றம் என்று மேடம் விளக்கினார். அவர் துண்டைத் தோளில் போட்டு, திரும்ப எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல, ஒன் மோட்டார் ரூம் தெறந்து கெடக்குதுப்பான்னு ஒருத்தன் வந்து சொன்னா, அவனுக்கு டீ வாங்கிக் குடுப்போம்யா. அவனப் புடிச்சுக் கட்டிவைக்க மாட்டோம்."

"மோட்டார் ரூமும் இதுவும் ஒண்ணா பெரியவரே?" என்றார் வெள்ளைத்துரை. "ஒக்காருங்க."

அவர் உட்காரவில்லை. முதல்வர் அவளிடம், யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன்கிட்ட கேட்டுத்தான் சார் செஞ்சேன். மொதல்ல எழுதுனதுல அதையும் எழுதியிருந்தேன்."

எல்லா நாற்காலிகளும் சரசரத்தன. மேடம் மட்டும் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்து இரண்டு மூச்சு காத்திருந்தேன். என் ஒப்பந்தம் சித்திரையோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதற்கான கோப்பு நான்கு மாதமாக வெள்ளைத்துரையின் மேசையில். ஆனையூரில் வாடகை வீடு, மனைவி ஸ்வர்ணாவுக்கு அது ஏழாவது மாதம். இதையெல்லாம் அந்த நேரத்தில் நினைத்தேன் என்று சொன்னால் நியாயமாக இருக்கும். உண்மையில் எதையும் நினைக்கவில்லை. அப்படி எழுதியிருந்ததா சீதாராமன் என்று முதல்வர் கேட்டார். எழுத்து சம்பந்தமான கேள்விக்கு எழுத்து சம்பந்தமான பதில் வாயில் தயாராக இருந்தது.

"தாள்ல இல்ல சார்."

"நீங்கதானேண்ணே அடிச்சீங்க?" என்றாள் அன்னக்கொடி. சண்டை பிடிக்கிற குரல் இல்லை. எனக்கு மறந்துவிட்டதோ என்று நினைத்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி கேட்டாள். அந்தக் கேள்வியை நான் குறிப்பில் ஏற்றவில்லை.

முடிவைத் தபாலில் தெரிவிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். நடையில் மேடம் என்னைக் கடந்து போகும்போது, டென்ஷன் ஆகாதீங்க, கரெக்டாத்தான் சொன்னீங்க என்றார். கீழே தண்ணீர்த் தொட்டியருகே உக்கிரபாண்டி முகம் கழுவிக்கொண்டிருந்தார். மகள் தூரத்தில், கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவர் கூப்பிட்டார்.

"நீங்க ஒண்ணும் பொய் சொல்லலையே தம்பி. தாள்ல இல்லன்னுதானே சொன்னீங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அனுப்புறதத் தமிழ்ல அனுப்பச் சொல்லுங்க. அடுத்தவன்கிட்டக் குடுத்து வாசிக்க வெக்க மாட்டேன். நானே எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கிருவேன்."

அதை முதல்வரிடம் சொன்னேன். அப்படியானால் நீங்களே எழுதுங்கள், உங்கள் தமிழ் நன்றாக இருக்கும் என்றார். இந்தப் பருவத்தின் செய்முறைத் தேர்வும் எழுத்துத் தேர்வும் எழுத அனுமதி இல்லை. ஓராண்டு கழித்து, நன்னடத்தை உறுதிமொழி கொடுத்தால் மீண்டும் சேர்த்துக்கொள்வது பற்றிப் பரிசீலிக்கப்படும். இதுதான் செய்தி. ஒரு வருடம் எந்தக் கம்பெனியும் நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்காது என்பது கடிதத்தில் வராது. "அலுவலகக் கணினி திறந்திருந்ததைக் கண்டறிந்து தெரிவித்தமை தொடர்பாக" என்று தொடங்கியிருந்தேன். முதல்வர் அதை அடித்துவிட்டு, "அலுவலகக் கணினியில் அத்துமீறி நுழைந்தமைக்காக" என்று எழுதினார். அவருடைய பேனாவும் சிவப்புதான். கல்லூரியில் தமிழ் எழுத்துரு இல்லாததால் சமயநல்லூர் டிடிபி கடையில் அடித்து வாங்கி, கையெழுத்தும் வாங்கினேன். அதற்குள் வெள்ளைத்துரையின் ஆள் வந்து ஜன்னல் வழியாகக் கேபிளை உருவிக்கொண்டு போயிருந்தான். கணினிகளுக்கு உறை மாட்டினேன். அலுவலகக் கணினிக்கு பாஸ்வேர்டு போட்டார்களா என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு சமயநல்லூர் தபால் நிலையத்துக்குப் போனேன். கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டு, அங்கே கிண்ணத்தில் இருந்த பசையை விரலால் தொட்டு ஒட்டினேன். முகவரி எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் உறைத்தது. இரண்டு தாளிலும் நான் ஓரத்தில் எழுதிய திருத்தங்களைப் பார்த்துப் பார்த்து நகலெடுத்தவள் அவள். என் 'ழ' எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பேனாவை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்து, எழுத்துகளை நெருக்கி, சுழிகளைக் குறைத்து எழுதினேன். வேறொருவன் எழுதியது மாதிரிதான் இருந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா உறையைத் தராசில் வைத்தார். திங்கட்கிழமைக்குள் போய்விடுமா என்று கேட்டேன். திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. கேட்டில் அவளை உள்ளே விடவேண்டாம் என்று காவலாளிக்குச் சொல்லியாகிவிட்டது.

"மதுரைக்குப் போயி, உசிலம்பட்டிக்குப் போயி, அப்பறந்தானே ஊருக்குப் போகணும்? செவ்வாக்கிழமை ஆயிரும்." உறையை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். "இது என்ன எழுத்து சார்? ஊர் பேரே வெளங்கலையே. ரிஜிஸ்தர் தபாலு, இப்படிக் கிறுக்கினா எப்படிப் போய்ச் சேரும்? அடிச்சிட்டுத் தெளிவா எழுதிக் குடுங்க."

எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். உறையை வாங்கி, எழுதியதை ஸ்கேல் வைத்ததுபோல் ஒரே கோடாக அடித்தேன். அதற்குக் கீழே பெறுநர் என்று தொடங்கி, பெயர், தெரு, கிராமம், வட்டம், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, என் கையெழுத்தில், ஒவ்வொரு சுழியும் முழுதாக எழுதினேன்.

"ஆங், இப்பிடி எழுதுறத விட்டுட்டு" என்றார் அந்த அம்மா. முத்திரையை மையில் ஒற்றி உறையின் மேல் குத்தினார். காய்வதற்காக ஒருமுறை ஊதிவிட்டு, காலடியில் வாய் திறந்து கிடந்த சாக்குப் பைக்குள் பார்க்காமலே போட்டார்.