மணப்பெண்ணுக்கு வளர்த்த ஜினியா

தெபாயேருவின் ஜினியாச் செடிகளில் புள்ளி விழுந்துவிட்டது. பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம், அடியிலையெல்லாம் கருகிச் சுருண்டது. இன்னும் மூன்று வாரத்தில் மகள் மோயானாவுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் தலைமாலைக்கு வீட்டுப் பூதான் கட்ட வேண்டும். சந்தைப் பூவைக் கட்டினால் ராரோடோங்கா தீவு முழுக்க வாயில் போட்டு மெல்லும்.

செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் நூரோவாவின் பாத்தி மட்டும் சிவப்பும் ஆரஞ்சுமாகக் கொழித்துக் கிடந்தது. அதெப்படி? ஒரே மண், ஒரே மழை! தெபாயேருவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேவாலயப் பாட்டுக்குழுவில், "நீ பாடினா சேவலே வெட்கப்படும்" என்று எல்லார் எதிரிலும் நூரோவாவை மட்டம் தட்டியது இவள்தான். அந்தக் கடுப்பில் நூரோவா எதையோ கொண்டுவந்து செடியில் ஊற்றிவிட்டாள். அவளைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

ஆதாரம் வேண்டுமே. தன் செடிகளைத் தடவிப் பார்த்த கையோடு, பனி காயுமுன் தினமும் வேலி தாண்டிப் போனாள். நூரோவாவின் இலைகளைப் புரட்டிப் புரட்டி முகர்ந்தாள். மருந்து வாடையும் இல்லை, டப்பாவும் இல்லை. கள்ளி, எங்கேயோ ஒளித்துவிட்டாள்!

கல்யாண வாரத்தில் நூரோவாவின் செடிகளிலும் அதே புள்ளி. அவள் வேளாண் அலுவலகத்துத் தெயோகோட்டாயைக் கூட்டி வந்தாள். வேடிக்கை பார்க்கத் தெபாயேருவும் போய் நின்றாள்.

"தொத்து நோய் அத்தை," என்றான் அவன். "ஈர இலையைத் தொட்ட கையிலேயே ஒட்டிக்கும். அதே கையால அடுத்த செடியைத் தொட்டா அதுக்கும் வந்துடும். எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சிடுங்க. அடுத்த தடவை தள்ளித் தள்ளி நடுங்க, வேருக்கு மட்டும் தண்ணி விடுங்க."

"அப்ப என் செடிக்கு யார் ஒட்ட வெச்சது?" தெபாயேரு பாய்ந்தாள்.

"யாரும் இல்ல. நீங்க எடுத்து வெச்ச விதையிலயே இருந்திருக்கும்."

தெபாயேரு தன் கையைப் பார்த்தாள்.

"விடியக்காலையில நீங்க வர்றதை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன் அண்ணி," என்றாள் நூரோவா. "பூப் பறிக்க வர்றீங்க, கேக்கக் கூச்சப்படுறீங்கன்னு நெனச்சேன். மோயானாவுக்குன்னுதான் ஒரு பூவைக்கூட நான் கிள்ளல."

"பூவுக்கு வரல நூரோவா," என்றாள் தெபாயேரு. "நீ விஷம் வெச்சிருக்கியான்னு பாக்க வந்தேன்."

நூரோவா குனிந்து, பூவோடு நின்ற செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடத் தொடங்கினாள்.