துரைமார் கிளப்பும் துஷ்யந்தியின் கிளப்பும்

துஷ்யந்தி அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தால் வீட்டில் இத்தனை ரகளை நடந்திருக்காது.

"அப்பா, அவுஸ்திரேலியாவுல ஒரு கிளப்புல என்னைய எடுத்திருக்காங்க."

கன்னையாவின் கையிலிருந்த தேநீர் பாதி சாரத்தில் கொட்டியது. "கிளப்பா? எப்பா!" என்று கத்தினார். கோபம் வந்தால் அவருக்குச் சிங்களம்தான் முந்திக்கொண்டு வரும். எப்பா என்றால் வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம்.

இலங்கையின் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கிளப் என்றால் ஒன்றே ஒன்றுதான்: தோட்டத்தை நடத்தும் துரைமார் கூடிக் குடிக்கிற இடம். கன்னையா தன் ஆயுளில் பாதியை அங்கே கோப்பை கழுவும் எடுபிடியாகத் தொலைத்தவர். முன்வாசல் வழியாக ஒரு நாளும் உள்ளே போனதில்லை. ஒருமுறை காய்ச்சலோடு வேலைக்கு வந்து, தலை சுற்றி, விறாந்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பார்த்த துரை, அந்த நாற்காலியை அவரை விட்டே மருந்துத் தண்ணீர் ஊற்றித் தேய்க்க வைத்தான். மனிதன் உட்கார்ந்தால் நாற்காலிக்கு நோய் வந்துவிடுமா? எந்த ஊர் நியாயம் இது? அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த துஷ்யந்தி, சோறு கொண்டுவந்தவள், அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு இன்றுவரை மனம் ஆறாதது அதனால்தான்.

"இது பாஸ்கட்போல் கிளப்புப்பா. சம்பளம் குடுத்து வெளையாடச் சொல்றாங்க."

தோட்டப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடத் தொடங்கி, பிறகு கூடைப்பந்துக்கு மாறி, கொழும்பு அணிவரை போன பெண் அவள். அப்பா மறுத்தாலும் போகலாம். யாரும் தடுக்க முடியாது. ஆனால் அவர் மனம் நொந்திருக்க விமானம் ஏறுவதற்கு அவளுக்குக் கால் வராது. அதனால் அந்தக் கிளப்பின் கதையையே சொல்ல ஆரம்பித்தாள்.

"கரும்பு வெளையிற சின்ன ஊருப்பா. ஆலையில வேல செஞ்சவங்களும் மீன்காரங்களும் சேந்து ஆரம்பிச்சது. மொதல்ல ஒரு தகரக் கொட்டகையிலதான் ஆடுனாங்களாம். பெரிய லீக்குக்குப் போனதும் ஒரு பணக்காரன் வாங்கினான். நாலு தடவ தோத்ததும், சின்ன ஊருல கூட்டம் வராதுன்னு இழுத்து மூடிட்டான்."

"மூடாம என்ன செய்வான்? கம்பனிக்காரன் எங்க இருந்தாலும் கம்பனிக்காரன்தான்."

"ஊரு விடலப்பா. வீடு வீடா ஏறி எறங்கித் திரும்ப எடுத்தாங்க. இப்ப ஊருக்காரங்கதான் மொதலாளி. ஆளுக்கு ஒரு ஓட்டு."

"கத நல்லாத்தான் இருக்கு" என்றார் கன்னையா. "ஒண்ணே ஒண்ணு கேளு. ஆட்டம் முடிஞ்சதும் அங்க கோப்பை கழுவுறது யாரு? நம்மள மாதிரி எவனாச்சும் குசினியில நிப்பான்ல?"

"என்னாங்க நீங்க!" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி இந்திராணி சத்தம் போட்டாள். "புள்ளைக்கு வேல கெடைச்சிருக்கு, நீங்க கோப்பைய விசாரிக்கிறீங்க!"

துஷ்யந்திக்கும் ரோஷம் வந்துவிட்டது. அப்போதே அந்தக் கிளப்புக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். திரையில் நரைத்த தலையோடு ஒரு பெண், கிளப்பின் தலைவி, குசினிக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே கோப்பை கழுவுவது யார் என்று துஷ்யந்தி ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சவர்க்கார நுரை வழியும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

"இந்த வாரம் அவங்க மொறையாம்ப்பா. போன வாரம் கோச் கழுவுனாராம்."

அப்பா சிரிப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். அவருக்கோ ஆத்திரம் தலைக்கேறியது.

"அப்ப முடியும்ல?" என்று எழுந்துவிட்டார். "தலைவருன்னாலும் கழுவ முடியும்ல? கை தேஞ்சு போகலல்ல? இங்க உள்ளவனுங்களுக்கு மட்டும் என்னா கேடு? ஒருத்தனாச்சும், ஒரு நாளாச்சும்..." இந்திராணி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள். கன்னையா அழுதுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாரத்தாலேயே முகத்தைத் துடைத்தார்.

"நீ போ" என்றார் மகளிடம். "போயி நல்லா ஆடு. கோப்பையும் கழுவு. ஆனா ஒம் மொற வந்தா மட்டும் கழுவு."