எடுத்துவிட்ட ஒரு வரி

ஒரே மழை அளவு, ஒரே நிரல், விடை மட்டும் இரண்டு. பாலத்தடியில் தண்ணீர் மூன்று மீட்டர் ஏறும் என்று காலையில் சொன்ன கணினி, சரிபார்க்க மறுபடி ஓட்டியபோது நாலு என்றது. மூன்றரையைத் தாண்டினால் கீழ்த்தெரு மூழ்கிவிடும். வெள்ளக் கணிப்பு அலுவலகத்தில் அந்த நிரலை எழுதியவள் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல் விடையை நம்பி, "எங்கயும் போக வேண்டாம், நிம்மதியா இருங்க" என்று அக்காவிடம் வாய் நிறையச் சொல்லியிருந்தாள். அக்கா குடியிருப்பது கீழ்த்தெருவில்.

தப்பைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. தன் கைவரிசை தனக்குத் தெரியாதா? ஆற்றை அறுபது துண்டாக்கி அறுபது கணினிகளுக்குப் பங்கு போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் தன் எல்லையின் நீர்மட்டத்தை ஒரு பெட்டியில் போட்டு, பக்கத்துக் கணினிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, நிற்காமல் அடுத்த வேலையைப் பார்க்கும். அதில் பிசகில்லை. ஆனால் அதே பெட்டியில் புது எண்ணைப் போடும்முன், பழையது போய்விட்டதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். காத்திருக்கச் சொல்லும் அந்த ஒரு வரியைத்தான் போன வாரம் எடுத்துவிட்டாள். பதினொரு நிமிடம் மிச்சமானது. மேலதிகாரி தட்டிக்கொடுத்தார், இவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு இணைப்பில் நெரிசல் இல்லாததால் குட்டு வெளிப்படவில்லை. இன்று நெரிசலில் எண்கள் கிளம்பும் முன்பே அவற்றின்மேல் புது எண்கள் ஏறிவிட்டன.

அணைப் பொறியாளர் தொலைபேசியில் கேட்டார். "சொல்லும்மா, மூணா நாலா?"

கணினி மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது.

"ரெண்டையும் நம்ப முடியாது சார். நான் ஒரு வரியை எடுத்துட்டேன். திரும்பப் போட்டு ஓட்ட ஐம்பது நிமிஷம் ஆகும்."

"தண்ணி வர ஒரு மணி நேரம்தாம்மா இருக்கு."

"அப்போ கணக்குக்காக நிக்காதீங்க சார். ஆளுங்களை இப்பவே கிளப்புங்க."

அவர் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுருக்கென்றது. வரியைத் திரும்பப் போட்டு ஓடவிட்டாள்.

நாற்பதாவது நிமிடம் அக்கா கூப்பிட்டாள்.

"நான் புள்ளைங்களோட மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டேன்டி. உன் மாமா வரமாட்டேங்கிறார். மச்சினியே வேண்டாம்னுட்டா, கிளப்ப வந்த இவங்களுக்கு என்ன தெரியும்னு கட்டில்ல உக்காந்திருக்கார்."

இவள் அந்த அழைப்பைத் துண்டித்தாள். மாமாவின் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவைதான் பிடித்தாள்.

"மாமா, கிளம்புங்க."

"காலையில வேண்டாம்னே, இப்போ கிளம்புங்கிறே. எதைத்தாம்மா நம்புறது?"

"இதை நம்புங்க. காலையில சொன்னது தப்பு. மிஷின் தப்பு இல்ல மாமா, நான் அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன்."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

"சரி, போனை வை. சட்டையை மாட்டிட்டுக் கிளம்புறேன்."

"வைக்க மாட்டேன். நீங்க மேடேறி, அக்கா குரல் என் காதுல விழணும். அதுவரைக்கும் இப்படியே இருக்கேன்."

செருப்புச் சத்தம் கேட்டது. வாசல் இறங்கியதும் அது சளப் சளப்பென்று மாறியது. எதிரே திரையில் கணக்கு முடிந்து, நாலரை என்று காட்டியது. அவள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு சளப்பையும் எண்ணியபடி அக்கா குரலுக்காகக் காத்திருந்தாள்.