சார்ஜென்ட் பென்ஃபோல்டின் ரத்தம்

ஆல்டர்ஷாட் இங்கிலாந்தில் ஒரு பட்டாளத்து ஊர். அங்கே ஓய்வுபெற்ற ஆண்பிள்ளை ஒன்று தோட்டம் போடுவான், இல்லாவிட்டால் முப்பாட்டனைத் தேடுவான். டெரிக் பென்ஃபோல்டுக்கு முதுகு வலி. குனிய முடியாது. அதனால் முப்பாட்டன்.

அவர் வீட்டு மாடிப்படிச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வம்சாவளிப் படம் ஒன்று தொங்குகிறது. அதன் உச்சியில் இருப்பவர் சார்ஜென்ட் ஜொசாயா பென்ஃபோல்ட். பாலும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள்கூட அவர் பெருமையைக் கேட்காமல் அந்த வீட்டிலிருந்து தப்பியதில்லை. படத்தில் ஒரே ஒரு ஓட்டை: சார்ஜென்டின் மகன் ஏமஸின் ஞானஸ்நானப் பதிவு. பட்டாளத்துப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர்க் கோயில் ஏது? ரெஜிமென்ட் போன இடத்தில் பிறந்து, படைப் போதகர் வந்தபோது தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டவர்கள். மால்டா, ஜிப்ரால்டர், கோர்ஃபு என்று போதகர்கள் அனுப்பிய பதிவேட்டுப் பிரதிகளில் பென்ஃபோல்ட் என்ற பெயரை டெரிக் வருஷக்கணக்காகத் தேடினார். கிடைக்கவில்லை.

உள்ளூர் வம்ச வரலாற்றுச் சங்கத்தில் அவர்தான் ஆஸ்தான கோமாளி. அந்தக் காலத்துப் பட்டாள விதவைகளைப் பற்றிப் பேசி ஆண்டுதோறும் கைதட்டல் வாங்குவார். புருஷன் செத்தால் படைமுகாமில் இடமும் சாப்பாடும் கொஞ்ச நாளைக்குத்தான். அதற்குள் அதே ரெஜிமென்டில் இன்னொருவனைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிள்ளையோடு தெருவில் நிற்க வேண்டும். "துக்கத்துக்குத் தெச்ச கறுப்புத் துணியிலயே கல்யாணத்தையும் முடிச்சிருவாங்க. துணி மிச்சம்!" என்பார் டெரிக். வாயில் பிஸ்கட் வைத்திருந்தவர்களுக்குப் புரையேறும்.

போன மாதம், குடும்பப் பெயரைத் தேடி அலுத்துப்போய், பிள்ளை பெயரையும் தாய் பெயரையும் மட்டும் வைத்துத் தேடினார். கோர்ஃபு தீவில் ஒரு பிற்பகல், போதகர் வரிசையாக நிற்கவைத்துத் தண்ணீர் தெளித்த பிள்ளைகளில் ஏமஸ் இருந்தான். தாய் ஆன். தகப்பன் சிப்பாய் தாமஸ் லக். அந்தக் கோடையிலேயே லக் காய்ச்சலில் போய்விட்டான். இலையுதிர்காலம் வருமுன் விதவை ஆன், சார்ஜென்ட் ஜொசாயா பென்ஃபோல்டைக் கைப்பிடித்திருந்தாள். கறுப்புத் துணியிலா என்று பதிவேட்டில் இல்லை.

ஆக, டெரிக்கின் உடம்பில் சார்ஜென்டின் ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. இதுகூட அவர் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. கெடுத்தது கெரி.

கெரி, மனைவி ஷீலாவுக்கு முதல் கல்யாணத்தில் பிறந்தவள். டெரிக்கின் வீட்டுக்கு வந்தபோது பால்பல் விழாத குழந்தை. சைக்கிள் பழக்கியது, காய்ச்சலுக்கு விழித்திருந்தது எல்லாம் அவர்தான். அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டிய அன்று, பள்ளிச் சீருடையோடு நின்று பார்த்துவிட்டு, நான் எங்கே என்று கேட்டாள். இது ரத்த வழிம்மா, தப்பா எடுத்துக்காதே என்றார். அவளும் தப்பாக எடுத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை மேஜையில், "டெரிக், அந்த உப்பை இப்படித் தர்றீங்களா?" என்றாள். அன்றிலிருந்து அவர் டெரிக்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பட்டாளத்துத் தேவாலயத்தில் கெரியின் மகனுக்கு ஞானஸ்நானம். தொட்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை நீலின் அப்பா நிற்பார். டெரிக்குக்கு மூன்றாவது வரிசை.

விஷயத்தை முதலில் ஷீலாவிடம் சொன்னார். அவள் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்றே? எம்பேராவது அந்தப் படத்துல ஒரு ஓரமா இருக்கு. பேரே இல்லாதவகிட்டப் போய்ச் சொல்லு."

போனார். கெரி சமையலறையில் குழந்தையின் வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டெரிக் கோர்ஃபுவில் தொடங்கி, காய்ச்சலில் வழிதவறி, ஒருவழியாகக் கல்யாணத்தில் வந்து நின்றார். எப்போதும் சிரிப்பு வரும் இடத்தில் இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

"அப்ப நீங்களும் ஓரத்துல ஒட்டினதுதானா?" என்றாள் கெரி.

"ஆமாம்மா. பசை காய்ஞ்சு போனதால தெரியல."

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஒண்ணு கேக்கறேன். அந்த சார்ஜென்ட் நெஜமாவே உங்க ரத்தமா இருந்திருந்தா, இன்னிக்கு இங்க வந்திருப்பீங்களா?"

டெரிக்கிடம் சாவுக்கும் பல்வலிக்கும்கூட வேடிக்கைப் பேச்சு உண்டு. இதற்கு இல்லை.

"வந்திருக்க மாட்டேன்" என்றார்.

கெரி கவுனின் கைப்பகுதியை மறுபடி தேய்த்தாள். ஏற்கெனவே சுருக்கம் போயிருந்தது. அப்படியானால் சார்ஜென்டை என்ன செய்வதாக இருக்கிறார் என்று கேட்டாள்.

"எடுத்துட வேண்டியதுதான். அவர் நம்ம ரத்தம் இல்லையே."

யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது. பழக்கம். 

"ஏமஸை வளர்த்த மனுஷனையும் எறக்கிடுவீங்க" என்றாள் கெரி. அவள் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் டெரிக் கொஞ்சம் பிழைத்திருப்பார். எப்படி விடைபெற்றார், எந்தத் தெரு வழியாக வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை படத்தைக் கழற்றினார். மையால் எழுதியது, அழியாது. யாரையும் புதிதாக நுழைக்க இடமும் விட்டிருக்கவில்லை. புதுத் தாள் எடுத்தார். சந்தேகமான உறவுக்குப் புள்ளிக்கோடு போடுவது சங்கத்து வழக்கம். அவரே பலருக்குச் சொல்லிக்கொடுத்தது.  அதை விட்டு, லக்கையும் சார்ஜென்டையும் அடுத்தடுத்து எழுதி, ஏமஸுக்கு இருவரிடமிருந்தும் முழுக்கோடு இழுத்தார். கீழே தன்னிடமிருந்து கெரிக்கு இழுத்தபோது அளவுகோல் நழுவிக் கோடு கோணலாகிவிட்டது. மாற்றவில்லை. தாளை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். காட்டத் தைரியம் வருமா என்று அவருக்கே நிச்சயமில்லை. காலம் கடந்து நீட்டினால் அதுவும் ஒரு கோமாளித்தனம்தானே.

ஞாயிறன்று மழை. தண்ணீர் பட்டதும் பையன் தேவாலயமே அதிரக் கத்தினான். முடிந்ததும் புகைப்படம் எடுக்கிறவர் கெரியைக் கூப்பிட்டார். அவள் ஒரு கையில் மெழுகுவத்தி, மறு கையில் குழந்தை. நீலின் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கெரி சுற்றிப் பார்த்துவிட்டு நேரே மூன்றாவது வரிசைக்கு வந்தாள்.

"டெரிக், இவனைக் கொஞ்சம் பிடி. தோள்ல துணி போட்டுக்கோ, கக்குவான்."

இன்னும் டெரிக்தான், 'நீங்க' மட்டும் போயிருந்தது. அவர் வாங்கிக்கொண்டார். கைக்குட்டையும் உள்பையில், அந்தத் தாளுக்கு அடியில் இருந்தது. இரண்டு கைகளிலும் பிள்ளை. அவன் கனமாக, சூடாக, அழுது ஓய்ந்த விக்கலோடு அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்தான். பிறகு அம்மா சொன்னபடியே, துணியில்லாத தோளில் கக்கினான்.

டெரிக் அசையவில்லை.