அடி உருளையில் ஒரு பெயர்

பல் மருத்துவர் குராமொச்சி, எழுத்துக்கலைஞர் ரொகுசென் தூரிகையால் எழுதிய ‘காற்று’ என்ற ஒற்றை எழுத்தை ஏலத்தில் எடுத்தார். அந்தச் சுருளைப் புதுப் பட்டில் ஒட்டித் தரச் சொல்லி, அது வந்த மரப்பெட்டியோடு எங்கள் கியோத்தோ பட்டறையில் கொடுத்தார். ரொகுசென் இறந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. விலை மட்டும் சாகவில்லை.

பின்தாளை நனைத்து உரித்தேன். எழுத்துள்ள தாள் பாதிக் கனம்தான் இருந்தது. ரொகுசென் ஈரடுக்குத் தாளில் எழுதுபவர்; மை கீழடுக்கிலும் ஊறும். யாரோ அதை இரண்டாகப் பிரித்து இரண்டையும் விற்றிருக்கிறார்கள். இது கீழ்த்தாள். காய்ந்த தூரிகை விரைந்த இடங்களில் மை கீழே இறங்காது. அங்கெல்லாம் வேறு கை வரைந்து நிரப்பியிருந்தது. சிவப்பு முத்திரையும் இறங்காது. அதுவும் புதிது.

சுருளின் அடியிலுள்ள மர உருளையில், காகிதம் ஒட்டுமுன் ஒட்டுபவர் தன் பெயரை எழுதுவது வழக்கம். அடுத்துப் பிரிப்பவர் மட்டுமே அதைப் படிப்பார். இந்த உருளையில் ஆண்டு இருந்தது. பெயரைச் சுரண்டியிருந்தார்கள். கோழை.

வேதியியல் படித்துவிட்டு இங்கு வந்து மூன்று ஆண்டுகள். நான் ஒட்டியவற்றிலும் முதலாளி உசாமியின் பெயர்தான்.

குராமொச்சி வந்தபோது கண்டதைச் சொல்லிவிட்டேன்.

“பெட்டி நெஜம்தானே?” என்றார்.

“மூடியில இருக்கிறது ரொகுசென் கையெழுத்துதான், டாக்டர்.”

“அப்புறம் என்னம்மா? ஞாயித்துக்கிழமை தேநீருக்கு வர்றவங்க பெட்டியைத்தான் மொதல்ல பாப்பாங்க. தாளை நனைச்சா பாக்கப் போறாங்க?”

உசாமி சிரித்தார். “பாடம் படிச்ச பொண்ணு, டாக்டர். எதையாவது அளந்துக்கிட்டே இருக்கும்.”

குராமொச்சி எழுத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டி மூடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார்.

“நாருமி,” என்றார் உசாமி. “வாயை மூடிக்கிட்டு ஒட்டிக் குடு. உருளையில உன் பேரையே எழுதிக்கோ. ரொம்ப நாளா ஆசைப்பட்டியே.”

மூன்று ஆண்டுகள் காத்திருந்த பெயருக்கு இதுதான் இடமா? அன்று மதியம் உணவுப் பெட்டியைத் திறக்கவில்லை.

பிறகு மெல்லிய தூரிகையால் உருளையில் எழுதினேன்: ‘இது கீழ்த்தாள். காய்ந்த கோடுகளும் முத்திரையும் போலி. அறிந்தே ஒட்டினேன். உடைமையாளரும் முதலாளியும் அறிவார்கள். மிகுரியா நாருமி.’ மை உலர்ந்ததும் காகிதத்தை ஒட்டி மூடினேன். வேலை சுத்தம் என்று உசாமி தலையாட்டினார்.

ஞாயிறன்று சுருளை மாட்ட நானே குராமொச்சி வீட்டுக்குப் போனேன். காத்திருப்பு அறையில் பதினொரு பேர் பெட்டியைச் சுற்றி மண்டியிட்டு, மூச்சுப் படாமல் குனிந்திருந்தார்கள். பின்பு தேநீர் அறைக்குள் வந்து சுருளை வணங்கினார்கள். முதல் விருந்தாளி, போலிக் கோட்டைத்தான் விசிறியால் சுட்டினார்.

“அடடா, என்ன வேகம் பாருங்க! இதை வேற எவனாலயும் எழுத முடியாது!”

“அதுக்காகத்தானே வாங்கினேன்,” என்றார் குராமொச்சி.

விருந்தாளி மறுபடி வணங்கினார். நெற்றி தரையைத் தொட்ட இடத்திலிருந்து இரண்டு முழத்தில் அந்த உருளை தொங்கிக்கொண்டிருந்தது.